1500 கிராமுக்குக் குறைவான குழந்தைகள்: ஆண், பெண் இறப்பு விகிதம் சமமாக வந்தால் நல்ல செய்தியா?

வார்டு_குறிப்பேடு (மும்பை)

வணக்கம். மும்பையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் என்ஐசியு (பச்சிளங் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) சேர்க்கைப் பதிவேடு என் பொறுப்பு. வருடாந்திர ஆடிட்டுக்காக 1500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்தவர்களை மட்டும் பிரித்து, ஆண், பெண் என்று இரண்டு பத்தியாகப் போட்டேன். இரண்டு வருடத்தில் சுமார் 150 குழந்தைகள். இறப்பு சதவீதம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது.

படித்ததெல்லாம் வேறு மாதிரி. இந்த எடையில் மூச்சுத்திணறல், மூளையில் ரத்தக்கசிவு, இறப்பு எல்லாமே பையன்களுக்குத்தான் கூடுதல் என்று எங்கும் போட்டிருக்கிறது. அப்படியானால் எங்கள் யூனிட் பையன்களை நன்றாகக் காப்பாற்றுகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? ஆடிட் கூட்டத்தில் அப்படிச் சொல்லலாமா?

கூடுதல் விவரம்: பாதிப் பேர் இங்கேயே பிறந்தவர்கள். மீதிப் பேர் தாராவி, குர்லா, கோவண்டி பக்கத்து நர்சிங் ஹோம்களிலிருந்து வந்தவர்கள். டாமா (டாக்டர் சொல்லை மீறி வீட்டார் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போவது) எழுதிக்கொடுத்து எடுத்துப் போனவர்களை மொத்தக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டேன். பையன்களுக்கென்று படுக்கையருகில் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

நியோ_மாட்டுங்கா

சிஸ்டர், அப்படிச் சொல்ல வேண்டாம். இந்த எடையில் பையன்கள் கொஞ்சம் அதிகமாக இறப்பதுதான் எதிர்பார்க்க வேண்டியது. சமமாக வந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கலாம். பையன்கள் நன்றாகத் தேறியிருக்கலாம், அல்லது பிழைத்திருக்க வேண்டிய பெண் குழந்தைகள் இறந்திருக்கலாம். நம் நாட்டில் இரண்டாவதை முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அமெரிக்காவின் என்ஐசிஎச்டி (தேசியக் குழந்தைகள் நல ஆய்வு நிறுவனம்) கூட்டமைப்பைச் சேர்ந்த மருத்துவமனைகளில் 1991 முதல் 1993 வரை பிறந்த 501 முதல் 1500 கிராம் வரையிலான குழந்தைகளின் கணக்கு இது: ஆண்களில் 22% இறந்தார்கள், பெண்களில் 15%. நுரையீரல் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்து புழக்கத்துக்கு வந்த பிறகான கணக்கு என்பதைக் கவனியுங்கள். மருந்து இரண்டு பேரையும் தூக்கிவிட்டது, இடைவெளி மட்டும் மூடவில்லை.

வேர் நுரையீரலில் இருக்கிறது. சர்ஃபாக்டன்டைச் சுரப்பவை காற்றுப்பையிலுள்ள டைப்-2 செல்கள். அவற்றை முடுக்கிவிடும் சைகை பக்கத்திலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களிலிருந்து வர வேண்டும். ஆண் சிசுவின் உடலில் ஓடும் டெஸ்டோஸ்டிரோன் அந்தச் சைகையைத் தாமதப்படுத்துகிறது. பனிக்குட நீரில் லெசித்தின், ஸ்பிங்கோமைலின் விகிதத்தை அளந்து பார்த்தால் பெண் சிசுவின் நுரையீரல் ஒரு வாரத்துக்கும் மேலாக முந்தி முதிர்வது தெரியும். 38 வாரத்தில் ஒரு வாரம் பெரிதில்லை. 27 வாரத்தில் அந்த ஒரு வாரம்தான் சிபாப் (மூக்கு வழியே தொடர் காற்றழுத்தம்) போதுமா, மூச்சுக்குழாயில் குழாய் போட வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது. குழாய் போட்டால் அழுத்தம் ஏறி இறங்கும், கார்பன் டை ஆக்சைடு ஏறி இறங்கும், மூளையின் ரத்த ஓட்டமும் கூடவே ஆடும். பையன்களிடம் ரத்தக்கசிவு கூடுதலாகத் தெரிவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. எக்ஸ் குரோமோசோமில் நோய் எதிர்ப்பு சம்பந்தமான மரபணுக்கள் நிறைய இருப்பதால், இரண்டு எக்ஸ் உள்ள பெண் குழந்தைக்குத் தொற்றிலும் கொஞ்சம் சாதகம் என்று கருதுகிறார்கள்.

இனி உங்கள் பதிவேட்டுக்கு வருவோம். இங்கேயே பிறந்தவர்களையும் வெளியிலிருந்து வந்தவர்களையும் ஒரே சட்டியில் போடாதீர்கள். இங்கே பிறந்த குழந்தை பிரசவ அறையிலிருந்து நேராக வார்மருக்கு வந்துவிடும், ஆணா பெண்ணா என்பது வழியில் குறுக்கே வராது. நர்சிங் ஹோமில் பிறந்த குழந்தையை அனுப்புவதற்கு ஒரு குடும்பம் முடிவெடுக்க வேண்டும், ஆம்புலன்ஸுக்குப் பணம் கட்ட வேண்டும், என்ஐசியு படுக்கை தேட வேண்டும். பையனாக இருந்தால் 1400 கிராமில் லேசாக முனகினாலே கொண்டு வருவார்கள். பெண்ணாக இருந்தால் நீலம் பாரித்த பிறகு வருவாள், அல்லது வரவே மாட்டாள். அப்படித் தாமதமாக வரும் பெண் குழந்தைகள் உங்கள் பெண் பத்தியின் இறப்பை மேலே ஏற்றி, பையன்களின் பத்தியோடு சமமாக்கிவிடுவார்கள்.

இது வெறும் ஊகமில்லை. எஸ்ஆர்எஸ் (அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு) 2020 கணக்குப்படி இந்தியாவில் 1000 பிறப்புக்கு, ஐந்து வயதுக்குள் இறக்கும் ஆண் குழந்தைகள் 31, பெண் குழந்தைகள் 33. உலகத்தின் பெரும்பாலான நாடுகளில் இது தலைகீழாக இருக்கும். பிறக்கும்போது இருக்கும் உடல்பலத்தை அதற்குப் பிறகு நடக்கும் ஏதோ ஒன்று தின்றுவிடுகிறது. அந்த ஏதோ ஒன்று உங்கள் வாசலிலும் நிற்கலாம்.

எண்ணும்_எழுத்தும்

டாக்டர் சொன்ன சந்தேகம் சரி. ஆனால் 150 குழந்தைகளின் இறப்பை வைத்து அவர் சந்தேகத்தையும் நிரூபிக்க முடியாது, உங்கள் நல்ல செய்தியையும் நிரூபிக்க முடியாது.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 80 பையன்களில் 17 இறப்பு, 70 பெண்களில் 11 இறப்பு. 21%, 16%. வித்தியாசம் 5.5 புள்ளி. அதன் 95% இடைவெளி −7-லிருந்து +18 வரை போகிறது. அதாவது பையன்களுக்குப் பெரிய ஆபத்து என்பதும் இதற்குள் அடங்கும், வித்தியாசமே இல்லை என்பதும் அடங்கும், பெண்களுக்குத்தான் ஆபத்து என்பதும் அடங்கும். 22%-க்கும் 15%-க்கும் உள்ள வித்தியாசத்தை 80% நம்பகத்தோடு பிடிக்க ஒவ்வொரு பக்கமும் சுமார் 480 குழந்தைகள் வேண்டும். உங்கள் யூனிட்டுக்கு அது பன்னிரண்டு, பதின்மூன்று வருடக் கணக்கு.

ஆகவே இறப்பை விட்டு, சேர்க்கையை எண்ணுங்கள். அதற்குச் சின்ன எண்ணே போதும். குறைமாதத்தில் ஆண் குழந்தைகள் இயற்கையாகவே கொஞ்சம் கூடுதல், ஆகவே பெண் பங்கு 47% அளவில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து வந்த 75 பேரில் பெண்கள் 25 பேர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு குறைவது தற்செயலாக நூறில் ஒன்றிரண்டு தடவைதான் நடக்கும். இங்கே பிறந்த 75 பேரில் பெண் பங்கு 47% பக்கம் இருந்து, வெளியிலிருந்து வந்தவர்களில் மட்டும் 33% என்றால், காரணம் உங்கள் வார்டுக்குள் இல்லை, அதற்கு வரும் வழியில் இருக்கிறது.

டாமா குழந்தைகளை நீக்கியதுதான் பெரிய தவறு. திருப்பிச் சேருங்கள். டாமா என்பதைத் தனி முடிவாக வைத்து, ஆண் பெண் வாரியாக எண்ணுங்கள். போன நாளில் எடை, வயது, வென்டிலேட்டரில் இருந்ததா, ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்ற நான்கையும் எழுதுங்கள். பிறகு இறப்பைத் தடவைக்கு ஒரு விதமாக இரண்டு தடவை கணக்கிடுங்கள்: டாமா எல்லோரும் பிழைத்ததாக ஒன்று, எல்லோரும் இறந்ததாக ஒன்று. உண்மை இரண்டுக்கும் நடுவில். 28-ஆம் நாள் ஒரு போன் போட்டால் நடுவில் எங்கே என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு நுட்பமான இடம் இருக்கிறது. எடையை வைத்து வெட்டும்போதே ஒரு சாய்வு உள்ளே வந்துவிடுகிறது. ஒரே வாரத்தில் பிறந்த ஆணும் பெண்ணும் ஒரே எடை இல்லை. 28 வாரம் பக்கத்தில் பெண் சுமார் 50 முதல் 100 கிராம் குறைவு. ஆகவே 1000 கிராம் ஆணையும் 1000 கிராம் பெண்ணையும் பக்கத்தில் வைத்தால், பெண் சராசரியாகச் சில நாள் முதிர்ந்தவள். எடைப்படி பிரித்தால் பையன்களின் பின்னடைவு உள்ளதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே தெரியும். கர்ப்ப வாரப்படி பிரித்தாலும் வித்தியாசம் மறைவதில்லை, ஆனால் உண்மை அளவு அப்போதுதான் தெரியும். முதல் மூன்று மாத ஸ்கேன் தேதியை வைத்து 26-27, 28-29, 30-31, 32-க்கு மேல் என்று பிரியுங்கள். கடைசி மாதவிடாய்த் தேதியை மட்டும் நம்பினால் இரண்டு வாரம் வரை தப்பும். எடைச் சதமானம் குறிப்பதற்கு ஃபென்டன் வரைபடத்தில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று தனித்தனித் தாள் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே தாளைப் பயன்படுத்தினால் ஆரோக்கியமான பெண் குழந்தைகளுக்குக்கூட வளர்ச்சி குன்றியவள் என்ற முத்திரை விழும்.

வார்டு_குறிப்பேடு

இரண்டு பேருக்கும் நன்றி. டாமா பத்தியைத் திருப்பிச் சேர்க்கிறேன். இன்னொரு சந்தேகம், டாக்டர். 24, 25 வாரத்தில் வலி வந்து சேரும் அம்மாவிடம் பிழைக்கும் வாய்ப்பைச் சொல்ல எங்கள் ரெசிடென்ட்கள் அமெரிக்கக் கால்குலேட்டர் ஒன்றைப் பார்க்கிறார்கள். அதில் குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்கிறதே?

நியோ_மாட்டுங்கா

அது 2008-இல் என்ஐசிஎச்டி வெளியிட்ட கணக்கிலிருந்து வந்தது. ஐந்து விவரம் கேட்கும்: கர்ப்ப வாரம், எடை, ஒற்றைக் குழந்தையா, அம்மாவுக்கு (சிசுவின் நுரையீரலை முதிரவைக்கும்) ஸ்டீராய்டு போட்டாயிற்றா, ஆணா பெண்ணா. அந்த ஆய்வின்படி பெண்ணாக இருப்பது ஏறத்தாழ ஒரு வாரம் கூடுதலாக வயிற்றில் இருந்ததற்குச் சமம். ஸ்டீராய்டும் அப்படியே, 100 கிராம் கூடுதல் எடையும் அப்படியே.

இங்கே பிரசவத்துக்கு முன் அந்தக் கட்டத்தை நிரப்பக் கூடாது. 1994-ஆம் ஆண்டின் பிசிபிஎன்டிடி சட்டப்படி சிசு என்ன என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்வதே குற்றம். அம்மாவிடம் கேட்பதும் வேண்டாம், "பொண்ணா இருந்தா பரவாயில்லை" என்று வாய் தவறிக்கூடச் சொல்ல வேண்டாம். ஆண், பெண் இரண்டுக்கும் போட்டுப் பார்த்து வரும் வீச்சைச் சொன்னால் போதும். அதைவிட முக்கியம், அந்த எண்கள் அமெரிக்க யூனிட்களின் எண்கள். உங்கள் யூனிட்டின் சொந்த எண்ணைச் சொல்வதுதான் நேர்மை.

ஐந்து விவரங்களில் நம் கையில் இருப்பது ஸ்டீராய்டு ஒன்றுதான். டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. தசையூசி, 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, நான்கு டோஸ். இந்தியாவும் சேர்ந்த ஐந்து நாடுகளில் நடந்து 2020-இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வில், இது பச்சிளங் குழந்தை இறப்பை 23.5%-லிருந்து 19.6%-க்கு இறக்கியது. பையன்களுக்கு இது வேலை செய்யாது என்று ஒரு பேச்சு இன்னும் உலவுகிறது. 1980களின் தொடக்கத்தில் வந்த ஓர் ஆய்வில் பெண் சிசுக்களிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது, அங்கிருந்து வந்த பேச்சு அது. பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் இரண்டு பாலுக்கும் பலன் உண்டு என்று ஆகிவிட்டது. முதல் டோஸ் நர்சிங் ஹோமிலேயே போட்டு, அம்மாவை வயிற்றோடு அனுப்பச் சொல்லுங்கள். குழந்தையை அனுப்புவதைவிட அம்மாவை அனுப்புவதுதான் பாதுகாப்பு. வயிற்றோடு வரும்போது ஆண் பெண் கேள்வியும் வழியில் எழாது.

இரவுப்பணி

படுக்கையருகில் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள் சிஸ்டர். பையன்களுக்கென்று தனி நெறிமுறை கிடையாது, வைக்கவும் கூடாது. ஆனால் அவர்கள் சறுக்கும் இடங்கள் முதல் 72 மணி நேரத்தில் குவிந்திருக்கின்றன. அந்த நேரத்தை எல்லோருக்கும் ஒழுங்காகச் செய்தால் பையன்களுக்குத்தான் அதிகம் மிச்சமாகும்.

முதலில் சூடு. சேர்க்கை வெப்பநிலை 1 டிகிரி குறைந்தால் இறப்பு வாய்ப்பு 28% கூடுகிறது என்று என்ஐசிஎச்டி 2007-இல் காட்டியது. நம் சிசேரியன் தியேட்டரில் சர்ஜனுக்கு வியர்க்கிறது என்று ஏசியை 20-இல் வைத்திருப்பார்கள். பிரசவ அறை 25-க்குக் குறையக் கூடாது. பாலிதீன் பையில் குழந்தையைக் கழுத்து வரை போட வேண்டும், துடைக்காமல், ஈரத்தோடே. எங்கும் நடக்கும் பிழை, டவலால் நன்றாகத் துடைத்துவிட்டுப் பிறகு பையில் போடுவது. பைக்குள் இருக்கும் ஈரம்தான் ஆவியாகாமல் சூட்டைப் பிடித்துவைக்கிறது, துடைக்கும் அந்த அரை நிமிடத்தில் குழந்தை ஆறிவிடும். தலையை மட்டும் துடைத்துத் தொப்பி போடுங்கள். என்ஐசியு-வில் அக்குள் வெப்பநிலை 36.5 தொட்டதைக் குறித்த பிறகே பையைக் கழற்றுங்கள்.

தொப்புள்கொடியை 60 விநாடி கழித்துக் கட்டுங்கள், அழாத குழந்தை என்றால் பேச்சு வேறு. சிபாப் 5 அல்லது 6-இல் பிறந்த உடனே. ஆக்சிஜன் தேவை 30%-ஐத் தாண்டினால் சர்ஃபாக்டன்ட், தாமதம் வேண்டாம். இரவில் தாண்டியது என்பதால் காலை ரவுண்டுக்குக் காத்திருக்கும் ஆறு மணி நேரத்தில்தான் நிறையப் பேர் வென்டிலேட்டருக்குப் போகிறார்கள். சர்ஃபாக்டன்டில் போராக்டன்ட் வகை என்றால் கிலோவுக்கு 200 மி.கி., அதாவது 2.5 மில்லி. பெராக்டன்ட் என்றால் கிலோவுக்கு 100 மி.கி., அது 4 மில்லி. இரண்டையும் குழப்பி அளவு தவறுவது நடக்கிறது, மில்லியைச் சத்தமாக இரண்டு பேர் சொல்லிச் சரிபாருங்கள். மூச்சு நின்றுபோகாமல் காக்கும் கெஃபீன் சிட்ரேட் முதல் டோஸ் கிலோவுக்கு 20 மி.கி. முதல் நாளே, பிறகு தினம் 5 முதல் 10.

மூளைக்கு: தலை நேராக, நடுவில். ஒரு பக்கம் திரும்பினால் கழுத்து ரத்தக்குழாய் அழுந்தி ரத்தம் திரும்பி வடியாது. கட்டிலின் தலைப்பக்கம் 15 முதல் 30 டிகிரி உயரம். டயப்பர் மாற்றும்போது இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கினால் இடுப்போடு சேர்ந்து ரத்தம் தலைக்கு ஏறும், பக்கவாட்டில் உருட்டி மாற்றுங்கள். தொப்புள் தமனியிலிருந்து ரத்தம் எடுப்பதும் திருப்பி விடுவதும் அரை நிமிடமாவது எடுத்துக்கொண்டு மெதுவாக. வென்டிலேட்டரில் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு 45-55. 35-க்குக் கீழே போய்விட்டு மறுபடி 65-க்கு ஏறும் குழந்தைக்குத்தான் மூளையில் ரத்தம் கசியும். தலை ஸ்கேன் மூன்றாம் நாளுக்குள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று.

பையன்களிடம் ரத்தக்கசிவைத் தடுக்க முன்கூட்டியே இண்டோமெத்தசின் மருந்து கொடுக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். 2004-இல் ஒரு மறு அலசல் பையன்களிடம் பலன் இருப்பதாகக் காட்டியது. அதை வைத்து ஆணுக்கு மட்டும் கொடுப்பது வழக்கமான சிகிச்சையாக மாறவில்லை. தலையை நேராக வைப்பதற்குச் செலவில்லை, அங்கிருந்து தொடங்குங்கள்.

பால்வங்கி_செம்பூர்

சேர்க்கையில் மட்டும் இல்லை சிஸ்டர், உள்ளே வந்த பிறகும் பெண் குழந்தைக்கு எங்கே குறைகிறது என்று பார்க்க மூன்று பத்தி சேருங்கள். கங்காரு பராமரிப்பு (குழந்தையை நெஞ்சோடு தோல்பட வைத்திருப்பது) தினம் எத்தனை மணி நேரம், சொந்தத் தாய்ப்பால் எத்தனை சதவீதம், வெளியில் வாங்கி வரச் சொன்ன பொருள் வந்துசேர எத்தனை மணி நேரம். மூன்றாவது பத்தி கசப்பானது, ஆனால் உண்மையைச் சொல்லும். பாலில் கலக்கும் ஃபார்ட்டிஃபையர் (சத்து கூட்டும் பொடி) பாக்கெட், கங்காருப் பட்டி, வெளியே எடுக்கும் எக்கோ (இதய ஸ்கேன்), எதுவானாலும் சீட்டு எழுதிய நேரத்தையும் கையில் வந்த நேரத்தையும் குறித்துவிட்டு ஆண் பெண் வாரியாகப் பாருங்கள். பெண் பக்கம் மணிக்கணக்கு நீண்டால், அந்தப் பொருட்களை வார்டு ஸ்டாக்கில் வைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்க உங்கள் கையில் எழுத்து ஆதாரம் இருக்கும்.

கங்காருவை ஆறுதலுக்குச் செய்வது என்று நினைக்கக் கூடாது. 2021-இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவன ஆய்வு ஐந்து நாடுகளில் நடந்தது, இந்தியாவில் தில்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியில். 1 கிலோவிலிருந்து 1.799 கிலோ வரையிலான குழந்தைகளை, உடல்நிலை சீராகும் வரை காத்திருக்காமல், பிறந்த உடனே அம்மா நெஞ்சில் வைத்தார்கள், நாளுக்குச் சுமார் 17 மணி நேரம். 28 நாள் இறப்பு 15.7%-லிருந்து 12%-க்கு இறங்கியது. அம்மா சிசேரியன் வார்டில் மூன்று நாள் கிடந்தால் அப்பாவோ பாட்டியோ வைக்கலாம். "பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு" என்று முகம் சுளிக்கும் வீட்டில், குழந்தையை முதலில் அந்தப் பாட்டியின் நெஞ்சிலேயே கட்டிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பால்: பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் கையால் பீய்ச்சத் தொடங்க வேண்டும், நாளுக்கு எட்டுத் தடவை, ராத்திரி இரண்டு மணிக்கும் ஒரு தடவை. முதல் நாள் நாலு சொட்டுத்தான் வரும். அதைச் சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்துக்குள் இரண்டு பக்கமும் 0.1 மில்லி தடவினால் வீணில்லை. தானப் பால் இரண்டாவது வழிதான். ஆசியாவின் முதல் பால்வங்கி 1989-இல் நம் சயான் ஆஸ்பத்திரியில்தான் தொடங்கியது, மும்பைக்காரர்களுக்குத் தானப் பால் புதிதில்லை. ஆனால் 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைத்துச் சுத்திகரிக்கும்போது கொழுப்பைச் செரிக்கும் லிப்பேஸும் உயிருள்ள வெள்ளணுக்களும் போய்விடுகின்றன. தானப் பாலில் புரதமும் குறைவு. தானப் பாலிலேயே நிற்கும் குழந்தை நாளுக்குக் கிலோவுக்கு 15 கிராம் ஏறாமல் தேங்கும். வங்கிப் பால் இருக்கிறது என்று அம்மாவை விட்டுவிடாதீர்கள்.

எண்ணும்_எழுத்தும்

மேலே சொன்ன பத்திகளோடு டிஸ்சார்ஜுக்குப் பிறகு இரண்டு பத்தி: கண் பரிசோதனைக்கு வந்தார்களா, மூன்று மாத ஃபாலோ-அப்புக்கு வந்தார்களா. மூளை வாதமும் வளர்ச்சித் தாமதமும் பையன்களிடம் கூடுதல். ஆனால் பெண் குழந்தைகள் ஃபாலோ-அப்புக்கு வராமல் நின்றால் அவர்களுடைய பாதிப்பு கணக்கிலேயே ஏறாது, மறுபடி அதே பிழை.

இரவுப்பணி

கண் விஷயத்தில் ஒன்று. 34 வாரத்துக்குக் குறைவாகவோ 2000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த எல்லோருக்கும் முதல் ஆர்ஓபி (குறைமாதக் குழந்தையின் விழித்திரை நோய்) பரிசோதனை 30-ஆம் நாளுக்குள். 28 வாரத்துக்கோ 1200 கிராமுக்கோ குறைவு என்றால் இரண்டிலிருந்து மூன்று வாரத்துக்குள். தாராவிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் டிஸ்சார்ஜ் ஆன வாரத்திலேயே குழந்தையை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு ரயில் ஏறிவிடுவார்கள், பரிசோதனைத் தேதி அப்போதுதான் வரும். டிஸ்சார்ஜ் அட்டையின் முதல் பக்கத்தில், கடைசிப் பக்கத்தில் அல்ல, தேதியைத் தமிழில் பெரிதாக எழுதி, "இந்த நாளைத் தாண்டினால் பார்வை போகலாம்" என்று கீழே எழுதுங்கள். ஊரில் யார் போன் எடுப்பார்களோ அவர் எண்ணை வாங்கி வையுங்கள். அப்பாவின் மும்பை எண் மட்டும் இருந்தால் அவர் டூட்டியில் இருப்பார், தகவல் அம்மாவுக்குப் போய்ச் சேராது.